பட்டியலின் முதல் பெயர்

எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் பிரதிஷ்டைப் பண்டிகை. ஆராதனை முடிந்து அசனப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அன்று காலையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைச் சின்ன நாடகமாகப் போட்டிருந்தார்கள். அதில், பாளையங்கோட்டையில் பழைய கோயிலைக் கட்டிய கிளாரிந்தாவாக நடித்த சிறுமி, தலையில் வைத்த கனகாம்பரம்கூட இன்னும் கலையாமல், எனக்கு எதிர் இலையில் இருந்தாள். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "மாமா, அந்த வெள்ளைக்காரர் கிளாரிந்தாவுக்கு வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெரியப்பா, "ஆமாம்மா, வீட்டுக்காரர்தான். நீ சோத்தைச் சாப்பிடு" என்று முடித்துவிட்டார். கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, "அந்தக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைகள்ட்ட எதுக்குச் சொல்லுத? நல்ல அம்மா, கோயில் கட்டினாங்க. அது போதாதா?" என்றார்.

பெரியப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கிளாரிந்தாவை மதிக்கிறவர். மதிப்பதால்தான் மறைக்கிறார். ஆனால் அந்த "அது போதாதா" என்னை விடவே இல்லை. போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் போதாது என்று அந்தப் பந்தியில் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையைப் பற்றி யார் பேசினாலும் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்றுதான் ஆரம்பிப்பார்கள். முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரத்தைக் காட்டுவார்கள். 1826இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில் அது, இன்றைக்குத் தூய திரித்துவப் பேராலயம். அப்புறம் சாரா டக்கர், ஜான்ஸ், சேவியர்ஸ் என்று கல்லூரிகள் வரும். பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் வரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்றே பலர் நம்பாத காலத்தில், ஆஸ்க்வித் அம்மையாரும் ஸ்வெயின்சன் அம்மையாரும் தொடங்கியவை. இதெல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இந்த வரிசையில் சொன்னால் கேட்பவருக்கு என்ன பதியும்? கப்பல் ஏறி வந்தவர்கள் கொடுத்தார்கள், இங்கே இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று பதியும். தேதிகளைச் சரியாக அடுக்கினால் கதை அப்படி இல்லை. ரேனியஸ் வந்தது 1820இல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே பாளையங்கோட்டையில் சபை இருந்தது, பதிவேடு இருந்தது. சீக்கிரமே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோயிலும் வந்துவிட்டது.

கோட்டைக்குள் வேதம் வாசித்தவர்

அந்தக் காலத்துப் பாளையங்கோட்டையை இன்றைய பஸ் ஸ்டாண்டையும் தெற்கு பஜாரையும் வைத்துக் கற்பனை செய்ய முடியாது. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் கோட்டை, அந்தப் பக்கம் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ஊர். நடுவில் பாலம் கிடையாது; சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுப் பாலம் கட்டியது 1843இல்தான். ஆற்றை ஒட்டிக் கீழே போனால் ஆதிச்சநல்லூர், அதற்கும் அப்பால் கொற்கை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய தாழிகள் கிடைக்கும் மண் இது. கடற்கரைப் பரதவர் ஊர்களில் கத்தோலிக்க மரபு 1530களிலேயே வேர்விட்டிருந்தது. சவேரியார் 1542இல் வந்தார். பாளையங்கோட்டைக்குப் புராட்டஸ்டண்ட் சமயம் வந்த வழி வேறு. பாளையக்காரர்களை அடக்கவும் வரி தண்டவும் கோட்டையில் உட்கார்ந்திருந்த பட்டாளத்தின் பின்னாலேயே அது வந்தது. பட்டாளம் இருக்கும் இடத்தில் சமையல்காரர், எழுத்தர், துபாஷி, வியாபாரி, அவர்கள் குடும்பம் என்று ஒரு சின்ன ஊரே கூடவே நகரும் அல்லவா? அப்படி வந்தவர்களில் சிலர் திருச்சியிலும் தஞ்சையிலும் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் சவரிமுத்து. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1771இல் எழுதிய குறிப்பில் வருகிறார். திருச்சிச் சபையைச் சேர்ந்தவர், படிக்கத் தெரிந்தவர், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அக்கம்பக்கத்தாருக்கு வேதத்தை வாசித்துக் காட்டுகிறார். அவ்வளவுதான் செய்தி. ஒரு ஆங்கிலேய சார்ஜெண்டும் இதில் ஆர்வம் காட்டினார். அவர் மனைவி நம் சபைப் பெண் என்கிறார் சுவார்ட்ஸ். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இளம் கணக்குப்பிள்ளை ஒருவர். அவருக்கு ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யவைத்து, அந்த சார்ஜெண்டே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். தக்க பயிற்சி இல்லாமல் இப்படிச் செய்தது சுவார்ட்ஸுக்கு வருத்தம்.

எனக்கு இந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்ட் சமயத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் செய்தியே ஒரு தமிழர் உரக்க வாசித்தார் என்பது. குருவானவர் யாரும் வரவில்லை, சங்கம் எதுவும் பணம் அனுப்பவில்லை. சவரிமுத்துவுக்கு என்ன வயது, எங்கே குடியிருந்தார், பின்னால் என்ன ஆனார், எதுவும் குறிப்பில் இல்லை. ஊரில் ஒரு தெருவுக்காவது அவர் பெயர் வைத்திருக்கலாம்.

மறுக்கப்பட்ட ஞானஸ்நானம்

இனி கிளாரிந்தா. மராட்டியப் பிராமணப் பெண். தஞ்சாவூர் பக்கத்தில் இருந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இயற்பெயர் கோகிலா என்று சொல்வார்கள். உடன்கட்டை ஏற்றப்போன சமயத்தில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரையில் வந்து காப்பாற்றினார் என்று ஊரில் சொல்கிறோமே, அந்தக் காட்சி நம் மனதில் இவ்வளவு அழுத்தமாக நிற்பதற்கு அ. மாதவையாவுக்கும் பங்கு உண்டு. நம்ம பெருங்குளத்துக்காரர். கிளாரிந்தாவின் பெயரிலேயே 1915இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்தக் காட்சியிலேயே நாம் மயங்கி நின்றுவிட்டால் அந்தப் பெண் யாரோ ஒருவரால் காப்பாற்றப்பட்டவராக மட்டும் ஆகிவிடுவார். அவர் செய்தது எல்லாம் அதற்குப் பிறகு இருக்கிறது.

லிட்டில்டனோடு அவர் சேர்ந்து வாழ்ந்தார். திருமணம் நடக்கவில்லை. கிறிஸ்தவ சமயத்தை அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அந்த அதிகாரிதான். பிறகு கிளாரிந்தா சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். முறையான திருமணம் இல்லாமல் ஒருவரோடு வாழ்கிறவருக்குக் கொடுக்க இயலாது என்பது அவருடைய காரணம். பெரியப்பா மறைக்க நினைக்கும் இடம் இதுதான். என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பதும் இங்கேதான்.

சுவார்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், இந்த மண்ணிலேயே 1798இல் இறந்தவர். தமிழ், மராட்டி, பாரசீகம் என்று பேசுவார். கம்பெனிக்காரர்களை நம்பாத ஹைதர் அலியே 1779இல் அவரைத் தூதராக ஏற்றுக்கொண்டார். தஞ்சை அரண்மனையில் சரபோஜியைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டவர். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. விதி என்று ஒன்றை நம்பினார், யாருக்காகவும் அதை வளைக்கவில்லை. ஆனால் அந்த விதி யார் மேல் போய் விழுந்தது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் இருவர் வாழ்ந்தார்கள். லிட்டில்டனுக்கு ஞானஸ்நானம் குழந்தையிலேயே ஆகியிருக்கும். அவர் புதிதாக எதையும் கேட்க வேண்டியது இல்லை. கேட்டு நிற்க வேண்டியவர் கிளாரிந்தா, மறுப்பு கிடைத்ததும் அவருக்குத்தான். திருமணம் செய்துகொள்வதும் கொள்ளாததும் அவர் கையில் மட்டும் இருந்த விஷயமா? அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி அதிகாரியிடம் அடைக்கலமாக இருந்த பெண் எதை வற்புறுத்தியிருக்க முடியும்?

அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். பிறந்த வீடும் புகுந்த வீடும் அவரை இனிச் சேர்க்காது. அக்கிரகாரத்தில் நுழைய முடியாது. பட்டாளத்து வெள்ளைக்காரப் பெண்கள் நடுவில் அவருக்கு 'திருமதி' என்ற இடம் கிடையாது. இந்த எல்லா வாசலும் அடைத்த பிறகு அவராகத் தேடிப்போய்த் தட்டிய ஒரே வாசல் திருச்சபை, அதுவும் திறக்கவில்லை. நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். நம்மில் பெரும்பாலோர் விட்டிருப்போம். பாதிரியார் ஒருவர் பண்டிகையில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதற்காகவே சபை மாறிப்போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

கிளாரிந்தா விடவில்லை. லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கூடவே வந்தார், கற்றுக்கொண்டதைக் கைவிடாமல் இருந்தார். பிறகு லிட்டில்டன் இறந்தார். 1778இல், கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களுக்குத் திருமணமும் ஞானஸ்நானமும் செய்துவைக்கச் சுவார்ட்ஸ் முதல் முறையாகப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, கிளாரிந்தா மறுபடியும் கேட்டார். இந்த முறை கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் அப்போது வந்தது.

இந்த இரண்டாவது கேள்விதான் பாளையங்கோட்டைச் சபையின் அஸ்திவாரம் என்று நான் நினைக்கிறேன். முதல் தடவை கேட்டபோது அவரைக் காக்க ஒருவர் இருந்தார். இரண்டாம் தடவை யாரும் இல்லை. அவர் எப்படி வாழ்ந்தார் என்று கோட்டை முழுக்கத் தெரியும், கேட்கப்படும் ஐயருக்கும் தெரியும். தெரிந்தவர் முன்னால் போய் நின்று கேட்டிருக்கிறார். லிட்டில்டனை 'வீட்டுக்காரர்' ஆக்கிவிட்டால் மறுப்பு இல்லை. மறுப்பு இல்லாவிட்டால் இந்தத் துணிச்சலும் இல்லாமல் போய்விடும். மிஞ்சுவது வசதியான விதவை ஒருவர் நன்கொடை கொடுத்தார் என்ற செய்தி மட்டும். அந்தச் சிறுமி நாடகத்தில் அன்று நடித்தது அந்த மிச்சத்தைத்தான். அவளுக்கு முழுதும் சொல்லலாம் என்பது என் கட்சி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விலைமாதாக இருந்த ராகாப்பின் கதையை வேதாகமத்தில் வாசிக்கிறார்கள், கணவர் அல்லாதவரோடு வாழ்ந்த சமாரியப் பெண்ணின் கதையை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெண்ணின் கதை மட்டும் எப்படி அவர்களுக்கு ஆகாததாகிவிடும்?

நாற்பது பேர்

1780இல் எழுதிய சபைப் பதிவேட்டின் பட்டியல் கால்டுவெல் வழியாக நமக்குத் தெரியவந்திருக்கிறது. மொத்தம் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. அந்தக் காலத்தில் ஒரு பொதுப் பட்டியலில் பெண்ணின் பெயர் முதலில் வருவதே அபூர்வம். விதவையின் பெயர், அதுவும் இப்படிப்பட்ட கதை உள்ளவரின் பெயர் வருவதைச் சொல்லவே வேண்டாம். பட்டியலில் சாதியும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பல சாதியார் ஒரே சபையாக இருந்தார்கள் என்று இதைக் காட்டிப் பெருமைப்படுவோம், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் சாதியைக் குறித்தே எழுதினார்கள் என்பதையும் விழுங்கிவிடக் கூடாது. ஒரே கூரைக்கு வந்தார்கள். சாதியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

இதற்கு ஒரு சாட்சி நம் பக்கத்திலேயே பிறந்தவர்: வேதநாயக சாஸ்திரியார், 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். 1785இல் சுவார்ட்ஸ் இங்கே வந்தபோது அந்தச் சிறுவனைத் தஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கவைத்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். நாம் இன்றைக்கும் கோயிலில் பாடும் கீர்த்தனைகள் பல அவருடையவை. அதே சாஸ்திரியார் பிற்காலத்தில், சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் விடக் கூடாது என்ற மிஷனரிமாரை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். அவர் பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிற எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. இருந்தாலும் வரலாற்றைச் சொன்னால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோயிலுக்கு வருவோம். கிளாரிந்தா தன் பொருளைப் போட்டுக் கட்டினார், கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் சிலரும் உதவினார்கள். 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஏழு வருஷத்துக்கு முன்பு கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே கை, அதற்கும் முன்பு மறுத்த அதே கை. ஊரார் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். இன்றைக்கும் இருக்கிறது. ஊசிக்கோபுரத்தைப் பார்த்த கண்ணோடு போனால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். சின்னக் கட்டிடம், தடித்த சுவர். வெயில் நேரத்தில் தெருவில் இருந்து உள்ளே கால் வைத்ததும் உடம்பு சட்டென்று குளிரும். பக்கத்திலேயே பாப்பாத்தி கிணறு என்று ஒன்றைச் சொல்வார்கள், சனங்களுக்காக அவர் வெட்டியது என்று.

அந்தச் சுவர் எதையெல்லாம் பார்த்திருக்கிறது என்றும் நினைத்துக்கொள்வேன். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்க் கோட்டையை மறுபடியும் எழுப்பினார். அவர் அடைபட்டதும் தப்பியதும் இந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தவை. நம் பாட புத்தகத்தில் அது ஒரு பாடம், திருச்சபை வரலாறு இன்னொரு பாடம். ஒரே கோட்டை, ஒரே பத்து வருஷம். கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் சொல்லும் மேற்கு வாசல் அதில் ஒன்று.

பிரதிஷ்டைக்குப் பிறகு சபையை நடத்தியது யார் என்றால், பெரும்பாலும் நம் ஆட்கள். சத்தியநாதன் முதலில் உபதேசியாராக வந்து, 1790இல் குருப்பட்டம் பெற்றார். ஜெனிக்கே ஐயர் 1791இல் வந்தார், காய்ச்சலில் அலைக்கழிந்து 1800இல் இறந்துபோனார். டேவிட் சுந்தரானந்தம் போன்ற உபதேசியார்கள் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் நடந்தே போனார்கள். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானது அப்படித்தான். கெரிக்கே ஐயர் 1802இல் சுற்றி வந்தபோது ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. சனங்களைச் சேர்த்து ஆயத்தப்படுத்தி வைத்திருந்தவர்கள் சத்தியநாதனும் அவரோடு இருந்த உபதேசியார்களும். அப்புறம் பஞ்சம், கொள்ளைக் காய்ச்சல், மேலிருந்து கவனிப்பாரே இல்லாத வருஷங்கள். 1816இல் பட்டாளத்துக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் விசாரித்துப் பார்த்தபோது, கிராமங்களில் சிதறி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அந்த ஹஃப் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் சர்ச் மிஷனரி சங்கம் இங்கே வந்தது, ரேனியஸ் வந்தார்.

ரேனியஸைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. பள்ளிக்கூடங்களை ஊர் ஊராகத் திறந்தவர், துரத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்க 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தியவர். 1835இல் அவரை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கமே அவரை நீக்கியது. மூன்று வருஷத்தில் இறந்தார், அடைக்கலபுரத்துக் கல்லறையில் கிடக்கிறார். அவர் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் வாழ்க்கையில் சங்கடமான பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுப்போம் என்றால் ரேனியஸும் மிஞ்சமாட்டார்.

பள்ளிப் பிள்ளைகளைப் பாளையங்கோட்டை பார்க்க அழைத்து வரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேராக ஊசிக்கோபுரத்துக்குப் போகாதீர்கள். மேடைப் போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்து, கோட்டை எது வரை இருந்தது என்று காட்டுங்கள். சவரிமுத்து பெயரைச் சொல்லுங்கள். அங்கிருந்து பாப்பாத்தியம்மாள் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள், முதலில் மறுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஊசிக்கோபுரம் அதற்குப் பிறகு இருக்கட்டும். அந்தச் சின்னக் கோயிலில் வைப்பதற்காக 1780 பட்டியலின் நாற்பது பெயர்களையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டம் போட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். செலவில் பாதியைப் பெரியப்பா ஏற்றிருக்கிறார்.